மூன்றாம் கியரில் திணறும் டர்போ: பணப்பையைத் திறக்கும் முன் மீட்டரை மாட்டுங்கள்

தாமான் வீடுகளின் முன்புறக் கூரைக்குக் கீழே பழைய புரோட்டோன் வீரா ஒன்று, முன்மூடி கழற்றப்பட்ட நிலையில் மாதக்கணக்காக நிற்பது மலேசியர்களுக்குப் புதிய காட்சியன்று. வேலை முடிந்து வரும் மகன் இரவு பன்னிரண்டு மணி வரை கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குனிந்திருப்பான். தந்தையோ, "அந்த இரும்பை எப்போதடா எடுப்பாய்?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருப்பார்.

இந்த இளைஞர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் நடப்பது சாதாரண வேலையன்று. வெப்பம், அழுத்தம், மின்சாரம், எரிபொருள் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் கட்டுக்குள் கொண்டுவரும் வேலை அது. பள்ளியில் பௌதிகத்தில் தேறாத பையன்கூட இங்கே அதைக் கைவிரலால் கற்கிறான். குறை வேறிடத்தில் இருக்கிறது. கார் சரியாக ஓடாதபோது, ஏன் ஓடவில்லை என்று அளந்து பார்க்காமல், ஊகத்தின் பேரில் பொருளை வாங்கிப் பொருத்துகிறார்கள். சேமிப்பு கரைவதும், நல்ல எஞ்சின் உடைவதும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து வருவதும் அந்த ஊகத்தால்தான்.

வீராவை ஏன் தேடுகிறார்கள்?

1993-இல் வெளிவந்த வீரா, மிட்சுபிஷி லான்சர் காரின் அடித்தளத்தில் உருவானது. அதே லான்சர் வரிசையில் ஜப்பானில் ஜி.எஸ்.ஆர். என்றொரு வகை இருந்தது. 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 195 குதிரைசக்தி. இங்கே விற்கப்பட்ட 1.5 வீராவுக்கோ சுமார் 90 குதிரைசக்திதான். உடல் ஒரே குடும்பம் என்பதால், அந்த எஞ்சினை இந்தக் காரில் உட்கார வைப்பது மற்ற கார்களைவிட எளிது. பெயரே வீரா; சக்தி மட்டும் பிறகு வந்து சேர்கிறது.

எஞ்சின் வருவது 'ஹாஃப்-கட்' கடைகளிலிருந்து. ஜப்பானில் பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம். அதனால் நல்ல நிலையில் உள்ள கார்களும் கழிக்கப்பட்டு, பாதியாக வெட்டப்பட்டு, கப்பலேறுகின்றன. எஞ்சினை மட்டும் தனியாக மலிவாக வாங்குவது இலாபம் போலத் தோன்றும். ஆனால் வயரிங், ஈ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி, காற்றளவு சென்சர், எரிபொருள் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பிறகு துண்டு துண்டாகத் தேடி அலைய வேண்டிவரும். வெவ்வேறு கார்களிலிருந்து சேர்த்த சென்சர்கள்தாம் பின்னாளில் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகளுக்குத் தாய்வீடு. முழு ஹாஃப்-கட்டாக வாங்குபவர் முதல் நாளில் கூடுதலாகக் கொடுப்பதைப் பிறகு பலமடங்கு மிச்சப்படுத்துகிறார்.

டர்போ காற்றோடு சூட்டையும் கொடுக்கிறது

டர்போ புதிய கண்டுபிடிப்பன்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகப் புகைக்குழாய் வழியே போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டும். ஒரு பார் பூஸ்ட் என்றால் எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு.

இங்கே பலர் மறப்பது, அமுக்கப்பட்ட காற்று சூடாகும் என்பதை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதில்லையா? அதேதான். 32 பாகை வெயிலில் உள்ளே இழுக்கப்படும் காற்று, நல்ல டர்போவில் ஒரு பாருக்கு அமுக்கப்பட்டால் 125 பாகையைத் தாண்டிவிடும். சிறிய டர்போவை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் 150 பாகை வரும். இண்டர்கூலர் அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் இருக்கிறது. 'பூஸ்ட்டை ஏற்றினேன், கார் வேகமாகவில்லை' என்று சொல்பவரின் டர்போ, காற்றைவிட அதிகமாகச் சூட்டைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது.

சூடான காற்றும் அழுத்தமும் சேர்ந்தால் 'நாக்கிங்' வரும். ஸ்பார்க் பிளக் பொறியால் தொடங்கிய நெருப்பு ஒழுங்காகப் பரவி முடிப்பதற்குள், சிலிண்டரின் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்தது போன்ற சத்தம் கேட்கும். பூஸ்ட்டும் புகைக்குழாயும் சேர்ந்து இரையும்போது அதுவும் கேட்காது. அலுமினிய பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைய சில விநாடிகளே போதும். பெரிய நிறுவனங்களும் இதனோடு போராடியிருக்கின்றன. 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டர்போ கார்களில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் பீய்ச்சியது. ரோன் 97 பெட்ரோலுக்கு டியூன் செய்த காரில், கையில் காசில்லை என்று ரோன் 95 ஊற்றிப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனி எரிபொருள். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. முழு பூஸ்ட்டில் அந்தக் கணக்கு உதவாது. உள்ளே குளிர்ச்சி வேண்டும் என்பதால் பெட்ரோலைக் கூட்டி, காற்றை 11.5 முதல் 12 பங்கு வரை வைப்பார்கள். 300 குதிரைசக்தி வேண்டுமென்று கனவு காண்பவர் ஒரு கணக்குப் போட வேண்டும். டர்போ எஞ்சின் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். நான்கு இஞ்செக்டர்களும் முழு நேரமும் திறந்தே கிடக்காமல் 80 விழுக்காட்டில் வேலை செய்ய வேண்டுமானால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 590 சி.சி. அளவுடையதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஒரு காகிதத் துண்டில் முடிந்துவிடும். இதைப் போடாமல் டர்போவை மட்டும் பெரிதாக்குகிறவர்களே அதிகம்.

அந்த மூன்றாம் கியர்

இப்போது எல்லாரும் சந்திக்கும் கோளாறுக்கு வரலாம். எஞ்சின் பொருத்தியாயிற்று, கார் ஓடுகிறது. முதல் கியர் நன்று, இரண்டாம் கியர் நன்று. மூன்றாம் கியரில் முழு பூஸ்ட் ஏறி 5,500 சுற்றைத் தொட்டதும் 'டப், டப், டப்' என்று விட்டு விட்டு அடிக்கிறது. காற்று-எரிபொருள் மீட்டரைப் பார்த்தால், பெட்ரோல் பற்றவில்லை என்று காட்டுகிறது. பட்டறையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, பம்ப் பத்தல போல இருக்கு. பெருசா ஒன்னு போட்டுடலாமா?"

"பத்தலன்னு யாருப்பா சொன்னா? பிரஷர் மீட்டர் சொல்லுச்சா, இல்ல நீயா சொல்றியா?"

"மீட்டர்ல காத்து அதிகம்னு காட்டுதே அண்ணே."

"அது வேற மீட்டர் தம்பி. மொதல்ல பிளக்கக் கழட்டு."

அந்த அண்ணன் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. புகைக்குழாயில் மாட்டிய அந்த மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை; எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி விழாமல் போனால், அதற்குள் போன காற்று முழுவதும் எரியாமல் அப்படியே வெளியே வரும். மீட்டர் அந்த ஆக்சிஜனைக் கண்டு 'பெட்ரோல் குறைவு' என்று காட்டிவிடும். உண்மையில் பெட்ரோல் போதுமான அளவு போயிருக்கிறது, பொறிதான் விழவில்லை. இதை அறியாத இளைஞர் ஈ.சி.யு.வில் பெட்ரோலை இன்னும் கூட்டுவார். ஈரமான பிளக்கில் பொறி இன்னும் மோசமாகும். பிறகு பெரிய பம்ப், அதன் பிறகு பெரிய இஞ்செக்டர். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகியும் அதே 'டப், டப்'.

பொறி ஏன் அணைகிறது? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. டர்போ இல்லாத காருக்கு 1.1 மில்லிமீட்டர் இடைவெளி பொருந்தும். ஒரு பார் பூஸ்ட்டில் பழைய காயில் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் திணறும். 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். கூடவே பிளக்கின் வெப்ப எண்ணையும் பார்க்க வேண்டும். என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி அதிகம். 6-இலிருந்து 7-க்கோ 8-க்கோ போவது டர்போவுக்கு வழக்கம். செலவு நான்கு பிளக்கும் ஓர் இடைவெளி அளவுத்தகடும்.

அதற்காக எல்லாமே பிளக்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே அறிகுறியோடு உண்மையிலேயே பெட்ரோல் பற்றாமலும் போகலாம், அது மிகவும் ஆபத்து. பிளக் பொறி விடுபட்டால் கார் வேகம் இழக்கும், அவ்வளவுதான். முழு பூஸ்ட்டில் பெட்ரோல் வற்றினால் பிஸ்டன் உருகும். ஆகவே முதலில் ஆபத்தானதை நீக்கிவிட்டு, பிறகு மலிவானதைப் பார்ப்பதே சரியான வரிசை. எரிபொருள் குழாயில் அழுத்த மீட்டரை மாட்டி, அது காரின் உள்ளே வராதபடி கண்ணாடிக்கு வெளியே பொருத்தி, டைனோ உருளையின் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாலையில் அல்ல. அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், ஒரு பார் பூஸ்ட்டில் மீட்டர் 4 பார் காட்ட வேண்டும். 4-க்கு ஏறி, மூன்றாம் கியரில் மெல்ல மெல்ல 3.5-க்கு இறங்கினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

அப்போதும் பம்பைத்தான் குறை சொல்ல வேண்டும் என்பதில்லை. முப்பது வயதைத் தொட்ட காரில், பின்பக்கத் தொட்டி வரை ஓடும் மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கியிருக்கும். பம்பின் முனையில் 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11 வந்தால், புதுப் பம்பும் பாதி வேலைதான் செய்யும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ஒரு ரிலேயும் போட்டுப் பாருங்கள். அழுத்தம் நிலையாக நின்றால், பம்புக்கு ஒதுக்கிய பணம் பையிலேயே இருக்கும்.

இந்த வரிசையில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக், பம்ப், டியூனிங் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால், கார் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

'புஸ்' சத்தத்தின் விலை

கியர் மாற்றும்போது 'புஸ்' என்று சத்தம் வரவேண்டும் என்பதற்காகவே புளோ-ஆஃப் வால்வை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. மிட்சுபிஷி டர்போ எஞ்சின்கள் இந்த ஆசைக்கு ஒத்துவருவதில்லை. அவற்றின் சென்சர், டர்போவுக்கு முன்னாலேயே காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் கொடுத்துவிடுகிறது. அளந்த காற்றை வழியில் வெளியே விட்டால் பெட்ரோல் மிஞ்சும். கார் கறுப்புப் புகை விட்டு, சில சமயம் அப்படியே நின்றும் போகும். வால்விலிருந்து வரும் காற்றைத் திரும்பவும் சென்சருக்குப் பின்னால் சேர்த்துவிட்டால் சத்தம் குறையும், கார் ஒழுங்காக ஓடும்.

குழாய் இணைப்புகளில் கசிவு இருந்தாலும் இதே கதைதான். டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, கம்ப்ரஸரால் ஒரு பார் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அப்படியே வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சிறு ரப்பர் குழாயையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பூஸ்ட்டுக்கு எல்லை வகுப்பது அதுதான். அது கழன்றுவிட்டால் பூஸ்ட் எல்லையில்லாமல் ஏறும். சில வெள்ளிக் குழாய் ஒரு முழு எஞ்சினைக் கொண்டுபோய்விடும்.

நீலப் புகை வந்தால் 'டர்போ போய்விட்டது' என்று உடனே தீர்ப்பு எழுதுவதும் அவசரம்தான். டர்போவிலிருந்து எண்ணெய் கீழே திரும்பும் குழாய் நேராக இறங்குகிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் இறங்க வழியில்லாமல் தேங்கினால் சீலைத் தாண்டிப் புகையாகத்தான் வரும். டர்போ புதிதானாலும் புகை நிற்காது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழியும் எழுந்தால், அது ஹெட் கேஸ்கட் விஷயம். அங்கே தள்ளிப்போடக் கூடாது.

நேரச் சீட்டு சொல்லும் சேதி

டிராக் போட்டி 402 மீட்டர் நேர்கோடு. முடிவில் கொடுக்கும் சீட்டில் மொத்த நேரம் இருக்கும், கோட்டைக் கடந்த வேகம் இருக்கும், முதல் 18 மீட்டரைக் கடந்த நேரமும் இருக்கும். பலர் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சினைத் திட்டுகிறார்கள். கோட்டைக் கடந்த வேகம் எஞ்சினின் சக்தியைச் சொல்கிறது. முதல் 18 மீட்டர் டயரின் பிடிமானத்தைச் சொல்கிறது. ஓட்டுநரோடு 1,120 கிலோ எடையும் 300 குதிரைசக்தியும் உள்ள கார், கோட்டை மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டரில் கடக்க வேண்டும். அந்த வேகம் வந்தும் நேரம் 14 விநாடி என்றால், எஞ்சினைத் தொட வேண்டாம். முன்டயர்கள் சுழன்று நேரத்தைத் தின்றிருக்கின்றன.

முன்சக்கர இழுவைக் காரில் இது பிறவிக் குறை. கார் பாய்ந்து கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் இலேசாகின்றன. பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது, முன்பக்கம் மென்மையான பந்தய டயர் போடுவது, முதல் கியரில் மட்டும் பூஸ்ட்டைக் குறைப்பது ஆகியவை இதற்கு மருந்து. கூடுதல் பூஸ்ட் மருந்தன்று. அது டிரைவ் ஷாஃப்டைத்தான் உடைக்கும்.

நின்று காட்டுவதும் போட்டியின் பாதிதான். 90 குதிரைசக்திக்குக் கொடுத்த முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் அப்படியே இருக்க, காரை 180-க்குக் கொண்டுபோகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய், பழுத்துச் சிவக்கும் டர்போவுக்கு அருகில் ஓடுகிறதா என்று பெற்றோரே ஒருமுறை எட்டிப் பார்த்துக் கேட்கலாம். தீயணைப்புக் கருவியும், மின்சாரத்தை ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்சும் டர்போவுக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

இந்தக் கார் ஓட வேண்டிய இடத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். எஞ்சினை மாற்றினால் ஜே.பி.ஜே. அனுமதியும் வேண்டும். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். முந்தைய தலைமுறைக்கு 1968-இல் திறக்கப்பட்ட ஷா ஆலாம் பத்து தீகா ஓட்டப்பாதை இருந்தது. இன்று அது இல்லை. 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் ஓட்டப்பாதையில் டிராக் போட்டிகளும் நடத்தப்பட்டு வந்துள்ளன. நுழைவுக் கட்டணம் அதிகம், நாள் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் அங்கே எதிரே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவர் வரமாட்டார். நேரச் சீட்டும் அங்கேதான் கிடைக்கும். நள்ளிரவு நெடுஞ்சாலையில் 'யார் முந்தினார்' என்பதைத் தவிர வேறெதுவும் தெரியவராது.

ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல், டர்போ ஆறும்வரை மெதுவாக ஓடவிட வேண்டும். ஆறிய பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பீங்கானில் வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம், அன்றைக்கு அடுத்த ஓட்டம் கிடையாது. நான்கில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்த இஞ்செக்டரைச் சோதிக்க வேண்டும். குழாய்க் கிளிப்புகளை மீண்டும் முடுக்கி, எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் தூள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அன்றைய பூஸ்ட், எரிபொருள் அழுத்தம், பிளக் இடைவெளி, நேரம் நான்கையும் தேதியோடு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.